மட்டாஞ்சேரி அரண்மனையும் மனை உறுப்புச் சொற்களும்: தமிழ் – மலையாள ஒப்பீடு

1. முன்னுரை

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்போர் அகராதியைப் புரட்டாமலே கடந்து செல்லும் சொற்களுள் வீட்டின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்கள் முதன்மையானவை. முற்றம், தளம், அறை, மச்சு, மாடம், மாளிகை, உத்தரம், வளை, முகப்பு ஆகியன இரு மொழிகளுக்கும் பொதுவானவை. ஒலி வடிவிலும் அவை பெரிதும் ஒன்றுபடுகின்றன. ஆகவே அவற்றைப் பெயர்க்க வேண்டிய தேவையே இல்லை என்ற எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. ஆயின் ஒரே சொல் இரு நிலங்களில் இரு வேறு கட்டுமான முறைகளோடு பிணைந்து வளர்ந்திருப்பதால், அது சுட்டும் பொருள் பல இடங்களில் மாறியுள்ளது. வடிவம் ஒத்திருப்பதே இங்குப் பிழைக்குக் காரணமாகிறது.

இச்சிக்கலை ஒரு குறிப்பிட்ட கட்டடத்தை முன்வைத்து ஆராய்வது பயனுடையது. கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் உள்ள பழைய அரண்மனை இதற்கு ஏற்ற சான்றாகும். தடித்த சுவர்களின் மேல் மரத்தாலான தளங்களும் கூரையும் கொண்ட நகர மனை இது. போர்த்துக்கீசியரால் எழுப்பப்பட்டு, ஒல்லாந்தரால் புதுப்பிக்கப்பட்டு, கொச்சி அரச குடும்பத்தால் பயன்படுத்தப்பட்டது. கட்டடத்தின் பெயர் ஒரு வரலாற்றைச் சொல்ல, அதன் உறுப்புகளின் பெயர்கள் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன. அவ்விரண்டையும் பிரித்தறிந்து, மனை உறுப்புச் சொற்களை மொழிபெயர்க்கும் நெறி ஒன்றை வகுப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. அரண்மனையின் வரலாறும் பெயரும்

1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொச்சியின் கடல்வாய் அகன்று இயற்கைத் துறைமுகம் உருவாயிற்று. பழைய முசிறித் துறை தாழ்வுற்றது. மிளகு வணிகம் கொச்சியை நாடி வந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இங்குக் கோட்டை அமைத்தனர். அதற்குச் சற்றுத் தெற்கே உப்பங்கழியின் கரையில் அமைந்த மட்டாஞ்சேரியில், அந்நூற்றாண்டின் நடுவில், கொச்சி மன்னன் வீரகேரளவர்மனுக்காக அவர்கள் இம்மனையைக் கட்டிக் கொடுத்தனர். 1555 என்பது பெரும்பாலோர் குறிக்கும் ஆண்டு. அருகிலிருந்த கோயில் ஒன்றைச் சூறையாடியதால் எழுந்த மன்னனின் மனக்குறையைத் தணிக்கவே இக்கொடை அளிக்கப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. அரண்மனையை அடுத்துப் பரதேசி யூதர்களின் வழிபாட்டிடம் 1568இல் எழுந்தது. மலையாளத்தில் அது யூதப்பள்ளி என்று வழங்கும்.

1662இல் ஒல்லாந்தர் மட்டாஞ்சேரியைத் தாக்கினர். இளவரசர் சிலர் மாண்டனர். அரசி கங்காதரலட்சுமி சிறைப்பட்டார். 1663 தொடக்கத்தில் கொச்சிக் கோட்டை அவர்கள் வசமாயிற்று. அதன் பின்னர் அவர்கள் அரண்மனையைச் செப்பனிட்டு விரிவாக்கினர். அன்று முதல் இக்கட்டடத்துக்கு ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் நிலைத்தது. 1951இல் சீரமைக்கப்பட்ட இது நடுவண் அரசின் பாதுகாப்புச் சின்னமாயிற்று. கொச்சி மன்னர்களின் உருவப்படங்களும் பல்லக்குகளும் படைக்கலன்களும் இதன் கூடங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

‘டச்சு அரண்மனை’ என்ற பெயரை மட்டும் கொண்டு இக்கட்டடத்தைத் தமிழில் விளக்க முற்படுபவர், ஆம்ஸ்டர்டாம் நகரத்து மனை ஒன்றை வாசகர் மனத்தில் எழுப்பிவிடக் கூடும். கட்டியவர் ஒல்லாந்தர் அல்லர், குடியிருந்தவரும் அல்லர். வளைவுகளின் அமைப்பிலும் அறைகளின் அளவு விகிதத்திலும் ஐரோப்பியச் சாயல் உண்டு என்பது உண்மையே. எனினும் கட்டடத்தின் அடிப்படைத் திட்டம் கேரள மரபைச் சார்ந்தது. நடுவே திறந்த முற்றம், அதனைச் சூழ்ந்த நான்கு பக்கக் கட்டுமானம், முற்றத்தினுள் அரச குடும்பத்தின் காவல் தெய்வமான பழையன்னூர்ப் பகவதியின் சிறுகோயில் ஆகிய மூன்றும் அதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. பொருள் தந்தவர் ஒருவர், பெயர் தந்தவர் மற்றொருவர், உளி பிடித்தவர் மூன்றாமவர் என்று இதனைச் சுருக்கலாம். மூன்றாமவரின் மொழியே உறுப்புச் சொற்களில் எஞ்சி நிற்கிறது.

3. நாலுகெட்டும் நான்கு கட்டும்

இம்மனையின் திட்டத்தை மலையாளத்தார் நாலுகெட்டு என்பர். வடமொழி மனைநூல்கள் இதனைச் சதுசாலை என்று வழங்கும். 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் இயற்றிய ‘மனுஷ்யாலய சந்திரிகை’ மனிதர் வாழும் மனைகளுக்கெனவே எழுந்த கேரளத்து வடமொழி நூலாகும். மட்டாஞ்சேரி அரண்மனை எழுந்ததும் ஏறத்தாழ அக்காலத்திலேயே என்பது நினைவுகொள்ளத்தக்கது.

நாலுகெட்டு என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது இரு வழிகள் உள்ளன. இரண்டிலும் இடர் உண்டு. மலையாள ஒலிப்பை அவ்வாறே கொண்டு ‘நாலுகெட்டு’ என எழுதினால், தமிழ் வாசகர் ‘கெட்டு’ என்பதைக் ‘கெடு’ என்னும் வினையோடு பொருத்திக்கொள்ள இடமுண்டு. மலையாளத்தில் ‘கட்டு’ என்னும் அடியே சொல்முதல் உயிர் திரிந்து ‘கெட்டு’ என ஒலிக்கிறது என்பதை அறிந்தவர், இவ்விடரைத் தவிர்க்க ‘நாலு கட்டு’ என மாற்றுகின்றனர். மொழிநூல் நோக்கில் இது முற்றிலும் சரியான ஒலிமீட்பு. ஆனால் பொருள் நிலையில் இதுவே பெரும்பிழையாகிறது.

தமிழ்நாட்டு வழக்கில் ‘கட்டு’ என்பது ஒன்றன்பின் ஒன்றாக அமையும் வீட்டுப் பகுதியைக் குறிக்கும். முதல் கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு எனத் தெருவிலிருந்து கொல்லைப்புறம் நோக்கி வீடு நீளும். தஞ்சைப் பகுதி வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் இவ்வழக்கைக் காணலாம். எனவே ‘நாலு கட்டு வீடு’ என்றதும் தமிழர் மனத்தில் எழுவது நான்கு பகுதிகள் வரிசையாக அமைந்த நெடிய வீடு. மலையாளத்திலோ ‘கெட்டு’ என்பது ஒரே முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும் நான்கு பக்கங்களுள் ஒன்று. முற்றம் இரண்டானால் எட்டுகெட்டு, நான்கானால் பதினாறுகெட்டு. ஒன்றில் எண் ஆழத்தைக் குறிக்கிறது. மற்றொன்றில் சுற்றளவைக் குறிக்கிறது. எம். டி. வாசுதேவன் நாயரின் ‘நாலுகெட்டு’ என்னும் நாவல் 1958இல் வெளிவந்த பின்னர் இச்சொல் கேரளத்துக்கு வெளியேயும் பரவியது. ஆதலின் இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது மொழிபெயர்ப்பாளருக்கு இன்றியமையாததாகும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு தமிழுக்குள்ளேயே உள்ளது. யாழ்ப்பாணத்தில் நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு புறமும் அறைகளும் விறாந்தையும் அமைந்த வீட்டை நாற்சார் வீடு என்பர். ‘சார்’ என்பது முற்றத்தைச் சார்ந்து இறங்கும் ஒரு பக்கக் கட்டுமானம். அமைப்பிலும் எண்ணின் பொருளிலும் நாலுகெட்டுக்கு நேரான தமிழ்ச் சொல் இதுவே. தமிழ்நாட்டு வாசகருக்கு இது சற்று அயலாகத் தோன்றலாம். எனினும் தவறான படிமம் எதனையும் எழுப்பாது.

நான்கு பக்கங்களின் பெயர்களும் ஆராயத்தக்கவை. அவை வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி எனப்படும். முதல் மூன்றும் தமிழருக்கு உடனே விளங்கும். நான்காவது விளங்காது. மலையாளத்தில் மேற்குத் திசை ‘படிஞ்ஞாறு’ எனப்படும்; ஞாயிறு படியும் திசை என்பது பொருள். தமிழில் மேல் என்பதிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் தோன்றின. மேற்குத் தொடர்ச்சி மலை தமிழகத்துக்கு மேற்கே உயர்ந்து நிற்பதால் இது பொருந்துகிறது. கேரளத்துக்கோ மலை கிழக்கே உள்ளது. கடல் மேற்கே உள்ளது. அங்கு மேற்கு என்ற சொல் வழக்கொழிந்து படிஞ்ஞாறு வந்தது. ஆனால் உயர்ந்த திசையைக் கிழக்கு என்று அழைக்கும் முரண் மட்டும் தொடர்ந்தது. 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதனை எடுத்துக்காட்டி, மலையாளத்தின் தமிழ்த் தொடர்புக்குச் சான்றாக்கினார். மொழி வரலாற்றின் இச்செய்தி ஒரு வீட்டின் நான்கு பக்கங்களிலும் எழுதப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

4. முற்றம்

‘முற்றம்’ என்ற சொல்லில் நேரும் பொருள் மயக்கம் கட்டட விளக்கத்தோடு நில்லாமல், மாந்தர் உறவுகளையே திரித்துவிடும் தன்மையது. மலையாளத்தில் வீட்டின் நடுவே அமைந்த திறந்த வெளி நடுமுற்றம் எனப்படும். அடையின்றி ‘முற்றம்’ என்று மட்டும் வருமாயின், அது பெரும்பாலும் வீட்டின் முன்னுள்ள, பெருக்கித் துப்புரவாக வைக்கப்பட்ட வெளியிடமாகும். தமிழ்நாட்டின் தஞ்சை, செட்டிநாட்டு வீடுகளில் முற்றம் என்பது வீட்டின் உள்ளே, கூடத்தை ஒட்டி, வானம் தெரியும் இடம்.

பழைய தறவாட்டுக் கதை ஒன்றில் வயல் வேலை செய்யும் ஒருவன் முற்றத்தில் வந்து நின்றான் என்று வருவதாகக் கொள்வோம். மலையாள வாசகருக்கு அவன் வீட்டுக்கு வெளியே, திண்ணையிலும் ஏற இயலாமல் நிற்கிறான் என்பது சொல்லாமலே விளங்கும். அச்சொல்லை மாற்றாமல் தமிழில் இட்டால், அவன் வீட்டின் நடுவிடத்துக்கே வந்துவிட்டவன் ஆகிறான். அவன் அங்கு நிற்பதே கதையின் அவலமாக இருக்க, மொழிபெயர்ப்பில் அந்த அவலம் மறைந்து போகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை, சமூகம் மாறிவிட்டது. இத்தகைய இடங்களில் ‘வாசல்’, ‘வாசல்வெளி’ என்பன தமிழ்நாட்டு வழக்குக்குப் பொருந்தும். ஈழத்தமிழில் முற்றம் என்பது இன்றும் வீட்டின் முன்வெளியையே குறிப்பதால், அவ்வாசகருக்கு இம்மயக்கம் நேராது.

5. கூரை மரங்கள்

கேரளக் கட்டுமானத்தின் தனித்தன்மை அதன் கூரையில் உள்ளது. பருவமழையின் வேகத்தைத் தாங்கச் செங்குத்தாகச் சரிந்த கூரையும், சுவரைக் காக்க வெளியே நீண்ட இறவாரமும் அங்குத் தேவைப்பட்டன. இக்கூரையின் உறுப்புகள் பின்வருமாறு அமையும்.

சுவரின் தலைப்பில் படுக்கையாகக் கிடத்தப்படும் மரம் உத்தரம். நான்கு பக்க உத்தரங்களும் மூலைகளில் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டு ஒரு சட்டமாகும். அதன் மேல் சாய்வாக ஊன்றப்படும் மரங்கள் கழுக்கோல்கள். தமிழில் இவை கைமரம் எனப்படும். கழுக்கோல்களின் மேல்முனைகள் கூடும் உச்சி மரம் மோந்தாயம். தமிழில் முகட்டு மரம். கழுக்கோல் ஒவ்வொன்றிலும் துளையிட்டு, அத்துளைகளின் ஊடே செலுத்தி எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் மரச்சட்டம் வள.

இவற்றுள் உத்தரம், வள ஆகிய இரண்டும் தமிழிலும் உள்ளன. ஆனால் தமிழில் உத்தரம் என்பது அறையின் குறுக்கே சுவருக்குச் சுவர் இடப்பட்டு மேல்தளத்தைத் தாங்கும் பெரிய மரம். விட்டம் என்பதனோடு நெருங்கிய பொருளுடையது. மலையாள உத்தரம் சுவரின் மேலேயே கிடப்பது. அறையின் குறுக்கே ஓடாதது. இவ்வேறுபாட்டை மலையாளப் பழமொழி ஒன்று நன்கு விளக்கும். உத்தரத்தில் உள்ளதையும் எடுக்க வேண்டும், கக்கத்தில் உள்ளதும் விழக்கூடாது என்பது அதன் கருத்து. சுவர்த்தலை மரத்தில் பொருள்களைச் செருகி வைப்பது வழக்கம். கையை உயர்த்தினால் அது எட்டும். உயர்த்தினால் கக்கத்தில் இடுக்கியது விழும். இரண்டையும் ஒருங்கே விரும்புவோரின் பேராசையைப் பழமொழி சுட்டுகிறது. இதனைத் தமிழ் உத்தரமாகக் கொண்டால், கைக்கு எட்டாத நடுவிட்டத்தின் மேல் ஒருவர் பொருள் வைத்ததாக ஆகிப் பழமொழியின் பொருத்தமே குலையும். ‘சுவர்த்தலை மரம்’ என்று விளக்கமாகப் பெயர்ப்பதே இங்கு ஏற்றது.

வளை என்ற தமிழ்ச் சொல்லும் அவ்வாறே. தமிழில் அது கைமரங்களைத் தாங்கும் நீள்மரம். ‘மோட்டுவளை’ என்ற வழக்கில் முகட்டு மரத்தையும், விரிந்த பொருளில் கூரையின் உட்புறத்தையும் குறிக்கும். மலையாள வள தாங்கும் மரமன்று. கோத்து நிறுத்தும் மரம். ஒன்று கீழிருந்து சுமப்பது. மற்றொன்று ஊடே சென்று பிணைப்பது. ‘கோப்பு மரம்’ என்றோ ‘ஊடுசட்டம்’ என்றோ அதனைப் பெயர்க்கலாம்.

மோந்தாயம் வளைந்தால் அறுபத்து நான்கும் வளையும் என்பது மற்றொரு மலையாளப் பழமொழி. அறுபத்து நான்கு என்பது கழுக்கோல்களின் எண்ணிக்கை. குடும்பத் தலைவர் நெறி தவறினால் குடும்பம் முழுதும் தவறும் என்னும் கருத்தில் இது ஆளப்படும். கழுக்கோல்கள் அனைத்தும் உச்சி மரத்தோடு பிணைந்திருப்பதால் ஒன்றின் கோணல் எல்லாவற்றிலும் பரவும் என்னும் தச்சறிவு இதன் அடிப்படை. எண்ணை நீக்கிவிட்டு ‘முகடு வளைந்தால் வீடே வளையும்’ எனப் பொதுவாகப் பெயர்த்தால் அறம் எஞ்சும், கூரை மறைந்துவிடும்.

‘முகப்பு’ என்ற சொல்லும் இங்குக் கருதத்தக்கது. தமிழில் அது வீட்டின் முன்பகுதி. செட்டிநாட்டு வழக்கில் தெருவை நோக்கிய முதற்பகுதி. மலையாளத்தில் ‘முகப்பு’ என்னும் சொல் கூரையின் பக்கமுனையில் காற்றுப் புகுவதற்காக விடப்பட்டு, செதுக்கு வேலையால் அணிசெய்யப்பட்ட முக்கோணத் திறப்பையும் குறிக்கும். முகப்பில் வௌவால் புகுந்தது என்ற தொடரில் வௌவால் முன்வாசல் வழியாக வரவில்லை என்பதை மொழிபெயர்ப்பாளர் உணர வேண்டும்.

6. மரச்சட்டக வீடு என்னும் கலைச்சொல்

ஐரோப்பியக் கட்டடக்கலை நூல்களைத் தமிழாக்குவோர் ‘மரச்சட்டக வீடு’ என்ற கலைச்சொல்லை ஆள்கின்றனர். செருமனி, இங்கிலாந்து முதலிய நாடுகளின் பழைய நகர வீடுகளில் மரத் தூண்களும் குறுக்கு மரங்களும் சாய்தாங்கிகளும் சேர்ந்த சட்டகமே கட்டடத்தின் முழுச் சுமையையும் ஏற்கிறது. இடைவெளிகளை நிரப்பும் மண்ணோ செங்கல்லோ சுமை தாங்குவதில்லை. இச்சொல்லை மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அவ்வாறே பொருத்துவது சரியாகாது. இங்குச் சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர்களே சுமை தாங்குகின்றன. கேரளத்தில் இத்தகைய சுவருக்குப் பெரிதும் பயன்படும் கல்லை மலையாளத்தார் வெட்டுகல் என்பர். தமிழில் அது செம்புறைக்கல். மரச்சட்டகம் சுவர்த்தலைக்கு மேலேயும், தளங்களுக்கு இடையிலுமே உள்ளது. ‘மரக்கூரை மனை’ அல்லது ‘மரத்தள மனை’ என்பதே இதற்குப் பொருந்தும்.

சுவரும் மரமாகவே அமைந்த வீடு கேரளத்தில் இல்லாமல் இல்லை. மரத்தூண்களுக்கு இடையே பலகைகளைச் செருகி அமைக்கும் சுவர் ‘நிர’ எனப்படும். நடுக்கேரளத்தில் ‘அறயும் நிரயும்’ உள்ள வீடு என்று இதனைச் சிறப்பித்துக் கூறுவர். தமிழின் அறை, நிரை என்னும் சொற்களே இவை. ‘நிரை’ என்பதைத் தமிழர் வரிசை என்றே பொருள்கொள்வர்; மலையாளத்தில் வரிசையாக நிறுத்திய பலகைச் சுவர் என்னும் தனிப்பொருள் வளர்ந்துள்ளது. மரச்சட்டக வீடு என்ற கலைச்சொல்லுக்குக் கேரளத்தில் நேரான ஒன்றைத் தேடினால் அது இவ்வகை வீடேயாகும்.

மரங்களின் பெயர்களில் இத்தகைய மயக்கம் குறைவு. தேக்கு, பிலாவு, ஆஞ்ஞிலி என்பன கேரள வீடுகளில் பெரிதும் பயன்படுபவை. பிலாவு தமிழின் பலா. ஆஞ்ஞிலி குமரி மாவட்டத்தில் அயனி எனப்படும். மலபாரில் ஒல்லாந்த ஆட்சித் தலைவராக இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூல், தேக்கையும் ஆஞ்ஞிலியையும் அவற்றின் மலையாளப் பெயர்களாலேயே இலத்தீன் உரையில் குறித்தது. உள்ளூர்ப் பெயரை வேறொன்றால் மாற்றாமல் ஒலிபெயர்த்து, அதனோடு விளக்கமும் படமும் தந்த அம்முறை மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு முன்மாதிரி எனலாம்.

7. அறைகளும் தளங்களும்

அரண்மனையின் தென்மேற்கு மூலையில், தாழ்ந்த மர மேற்கூரையோடு அமைந்த மன்னரின் படுக்கையறை பள்ளியறை எனப்படுகிறது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் தொடர் ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. பள்ளி என்னும் சொல்லுக்குப் படுக்கை, துயில் என்னும் பழைய பொருள் இரு மொழிகளுக்கும் பொது. ஆயின் இன்றைய தமிழில் பள்ளியறை என்றதும் நினைவுக்கு வருவது கோயிலில் இறைவனும் இறைவியும் துயில்கொள்ளும் அறையே. மன்னரின் அறையைப் பள்ளியறை என்றே தமிழில் எழுதினால், ஓவியங்களின் சமயச் சார்பும் சேர்ந்து, அதனை வழிபாட்டிடமாகக் கருதச் செய்யும். ‘மன்னரின் துயிலறை’ என்பது தெளிவு. அண்டையிலுள்ள யூதப்பள்ளியில் பள்ளி என்பது வழிபாட்டிடத்தையே குறிப்பது, ஒரே தெருவில் ஒரே சொல் இரு பொருள் தருவதற்குச் சான்றாகும்.

அரண்மனையின் மற்றோர் அறை கோவணித்தளம். மலையாளத்தில் கோவணி என்பது மாடிப்படி. தளம் என்பது கூடம். எனவே இது மாடிப்படி அமைந்த கூடம். தமிழில் தளம் என்பது தரையையோ அடுக்கையோ குறிக்கும். கீழ்த்தளம், மேல்தளம் என்பன காண்க. ‘படித்தளம்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிகளுக்கு இடையே உள்ள மேடை என்றே பொருள்படும். ‘படிக்கூடம்’ என்பதே தகும். தமிழ்ப் பொருளிலான தளமும் இங்குக் கவனத்துக்குரியதே. கருப்புப் பளிங்கு போல மின்னும் இவ்வரண்மனைத் தரை, எரித்த தேங்காய்ச் சிரட்டை, கரி, சுண்ணாம்பு, தாவரச் சாறு, முட்டை வெண்கரு ஆகியவற்றின் கலவையால் ஆனது என்பர்.

மச்சு என்பது மலையாளத்தில் அறைக்கு மேலே பலகையால் அடைத்த மேற்கூரை. தமிழில் அது மேல்மாடியையும், ‘மச்சு வீடு’ என்னும்போது ஓலைக் குடிசைக்கு மாறான வசதியான வீட்டையும் குறிக்கும். இங்குள்ள உணவுக்கூடத்தின் மேற்கூரையில் பித்தளைக் கிண்ணங்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டு, செதுக்கு வேலை செய்யப்பட்டுள்ளது. இதனை மலையாள வழக்கில் மச்சு என்பது இயல்பு. தமிழில் அவ்வாறே எழுதினால் கிண்ணங்கள் மாடிக்குப் போய்விடும்.

8. வாழ்வோரைக் காட்டும் பெயர்கள்

மலையாளத்தில் வீட்டைக் குறிக்கும் பொதுச்சொற்கள் பல, பழங்காலத்தில் குடியிருப்போரின் சமூக நிலையையும் உடன் உணர்த்தின. இல்லம், மன என்பன நம்பூதிரிகளின் வீடுகள். வீடு நாயர் முதலியோருடையது. கோவிலகமும் கொட்டாரமும் அரச குடும்பத்துக்குரியன. சாளையும் மாடமும் உழைக்கும் அடித்தள மக்களின் குடிசைகள். ஓடு வேய்வதற்கும் மாடி எழுப்புவதற்கும் ஆட்சியாளரின் இசைவு தேவைப்பட்ட சமூகத்தில், வீட்டின் பெயரே அதனுள் வாழ்பவரின் பெயராக நின்றது.

தமிழில் இல்லம் என்பது எந்த வீட்டுக்கும் உரிய மதிப்புச் சொல். மனை என்பது இன்று பெரும்பாலும் வீடு கட்டும் நிலம். மாடம் என்பது சங்க காலம் தொட்டு மாடி வீட்டைக் குறிப்பது. மலையாளத்திலோ மாடம் காவற்குடிலும் ஏழையின் குடிசையுமாகும். மரத்தின் மேல் கட்டிய குடில் ஏறுமாடம் எனப்படும். மாடத்தில் பிறந்தவன் என்ற தொடரை மாற்றாமல் தமிழில் இட்டால் ஏழை செல்வனாகிவிடுவான். கொட்டாரம் என்பதும் தமிழில் தானியக் களஞ்சியத்தையும் நெற்குற்றும் இடத்தையும் குறித்த சொல். மலையாளத்தில் அது அரண்மனை. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரம், உப்பிரிக்கை மாளிகை முதலிய பெயர்கள் தமிழ் வழங்கும் மண்ணிலேயே மலையாளப் பொருளோடு நிலவுகின்றன. இத்தகைய இடங்களில் சொல்லின் மொழியை மட்டுமன்றி, அது வழங்கும் நிலத்தையும் நோக்க வேண்டும்.

9. வந்த சொற்களும் வாராத சொற்களும்

போர்த்துக்கீசியர் கட்டிய வீட்டில் போர்த்துக்கீசியச் சொற்கள் எவ்விடத்தில் உள்ளன என்பது வரலாற்று நோக்கில் பயனுள்ள வினா. ஜன்னல், அலமாரி, மேசை என்பன இரு மொழிகளிலும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. மலையாளத்தின் கசேரயும் ஈழத்தமிழின் கதிரையும் அம்மொழியின் ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. தமிழ்நாட்டில் மட்டும் நாற்காலி நின்றது. கதவின் கீலை மலையாளத்தார் விஜாகிரி என்பர், இதுவும் போர்த்துக்கீசியமே. ஒல்லாந்தரிடமிருந்து இரு மொழிகளும் பெற்ற சொல் கக்கூசு.

இவ்வரவுகள் அனைத்தும் திறப்புகளையும் தட்டுமுட்டுப் பொருள்களையும் சார்ந்தவை. உத்தரம், கழுக்கோல், மோந்தாயம், வள, மச்சு என்னும் கூரைச் சொற்களிடையே ஐரோப்பியச் சொல் இல்லை. அவை திராவிடமாகவோ வடமொழி வழியினவாகவோ உள்ளன. கதவிலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். கதவுப் பலகையின் முனையில் நீண்டு, குழியில் சுழலும் பகுதி தமிழில் குடுமி, மலையாளத்தில் குடும. பழைய முறைக்குப் பழைய சொல் நின்றது. உலோகக் கீல் என்னும் புதிய முறை தன் பெயரோடு வந்தது. ஆகவே செலவு செய்தவர் பறங்கியரேயாயினும், கூரை ஏறியவர் உள்ளூர்த் தச்சர் என்பதை இச்சொற்பரவல் உறுதிப்படுத்துகிறது. ‘டச்சு அரண்மனை’ என்ற பெயர் மறைத்ததை உறுப்புச் சொற்கள் வெளிப்படுத்துகின்றன.

10. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன. முதலாவது, மனை உறுப்புச் சொல்லுக்குப் பொருள் காண்கையில் அதன் வடிவத்தைவிட, அது எதன் மேல் கிடக்கிறது, எதனைத் தாங்குகிறது, எதனோடு பிணைகிறது என்பதையே நோக்க வேண்டும். இரண்டாவது, தமிழ்நாட்டுப் பொதுவழக்கில் நேர்ச்சொல் இல்லையெனில் ஈழத்தமிழிலும் குமரித் தமிழிலும் தேட வேண்டும். நாற்சார் வீடு, முன்வெளியாகிய முற்றம், அயனி, சிரட்டை ஆகியன அவ்வழியே கிடைப்பவை. மூன்றாவது, பழமொழியிலும் உருவகத்திலும் வரும் உறுப்புச் சொல்லுக்குச் சுருங்கிய விளக்கச் சொல்லை ஆளலாம். ஆயின் உருவகத்துக்கு அடிப்படையான கட்டுமான உண்மையை இழக்கக் கூடாது. நான்காவது, வீட்டின் பெயர் அதில் வாழ்வோரின் நிலையைச் சுட்டுமாயின் அந்நிலை மொழிபெயர்ப்பிலும் புலப்பட வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட அரண்மனையில் இச்சொற்களுக்குரிய மரங்களை இன்றும் நேரில் காணலாம். சாதாரண வீடுகளில் நிலை வேறு. மரக்கூரை இருந்த இடத்தில் கற்காரைத் தளம் வரும்போது கழுக்கோலும் வளயும் மோந்தாயமும் முதலில் வீட்டை விட்டும், பின்னர்ப் பேச்சை விட்டும் நீங்குகின்றன. பழமொழிகளில் மட்டும் பொருள் விளங்காத ஒலிகளாக எஞ்சுகின்றன. அந்நிலை வருமுன் தச்சரிடமிருந்தும் முதியோரிடமிருந்தும் இச்சொற்களை உரிய வரைபடங்களோடு தொகுத்து, தமிழ் – மலையாள மனை உறுப்புச் சொல்லகராதி ஒன்றை உருவாக்குவது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும். அவ்வகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக அம்மரம் இருக்கும் இடத்தைக் காட்டும் படம் இடம்பெறுதல் வேண்டும்.